முன்யோசனையே முதற் சிக்கனம்

பொங்கல் விடுமுறை முடியும் மாலைகளில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நாம் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். சென்னைக்கு வேலைக்குத் திரும்பும் மகன், கைக்குழந்தையும் மூட்டை முடிச்சுமாக மனைவியோடு நிற்கிறான். அரசுப் பேருந்தில் இடமில்லை. ஆம்னி பேருந்தில் கேட்கும் தொகையோ கைக்கு எட்டவில்லை. வழியனுப்ப வந்த தாயார், பூ விற்றுச் சேர்த்த பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கிறார்.

இதற்கு வறுமை மட்டும் காரணமன்று, காலந்தாழ்த்துதலும் காரணமே. ஆம்னி பேருந்துக் கட்டணம் கூட்டத்தைக் கண்டு ஏறும். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் கட்டணம் அரசு வகுத்தது. ஆனால் இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடும். ஆகவே விடுப்பு உறுதியான அன்றே முன்பதிவு செய்தல் நலம். ரயிலுக்கு, 2024 நவம்பர் 1 முதல், 60 நாட்களுக்கு முன்னரே பதிவு தொடங்குகிறது.

விழா நாட்கள் நீங்கலாக, போகவும் வரவும் ஒருசேரப் பதிவு செய்வோருக்கு 10 விழுக்காட்டுச் சலுகையை அரசு 2022இல் அறிவித்தது. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை என்ற அறிவிப்பும் அவ்வாண்டே வந்தது.

இடம் கிடைக்காதோர், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சி வரை சாதாரணப் பேருந்தில் சென்று, அங்கிருந்து மாறிச் செல்லலாம். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்குவோர், அங்கிருந்து நகருக்குள் செல்லும் செலவையும் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

உறவைக் காண வந்த பயணம் பெற்றோருக்குச் சுமையாகலாமா? அடுத்த விடுமுறைக்கான நாட்காட்டியை இன்றிரவே குடும்பமாக அமர்ந்து பார்ப்போம்.