கொடைக்கானல் பாதரசமும் ஒரு ராப் பாட்டும்

2015 ஜூலை கடைசியில் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாட்டு யூடியூபில் வெளியானது. பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப். படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். வெளியிட்டது ஜட்கா என்ற பிரசார அமைப்பு. மெட்டு மட்டும் இரவல். முந்தைய ஆண்டு உலகமெங்கும் ஒலித்த நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில், கொடைக்கானல் ஆலையின் பாதரசக் கழிவுக்கு யூனிலீவரிடம் கணக்குக் கேட்கும் வரிகளை ஏற்றியிருந்தார்கள். சில நாட்களிலேயே பத்து லட்சம் பார்வைகளைத் தாண்டியது. மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார்.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் புதுச் செய்தி எதுவும் கிடையாது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை பாண்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பெயர்த்து வந்தது. அப்போது இந்த மலை மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985ல்தான். பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வரும். செய்து முடித்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போய்விடும். கழிவு இங்கே தங்கும். பிற்பாடு பாண்ட்ஸ் யூனிலீவர் வசமாக, ஆலையும் இந்துஸ்தான் லீவருடையது ஆயிற்று.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாடையில்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீரில் கலந்தாலோ நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். மீன் வழியாக அது சோற்றுத் தட்டுக்கு வரும். ஆலையை ஒட்டியிருப்பது பாம்பார் சோலை. அங்கே பெய்யும் மழை வைகைப் படுகைக்குத்தான் இறங்குகிறது. மலைக்காரர்கள் பாடு என்று சமவெளி சும்மா இருந்துவிட முடியாது.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் 7.4 டன் உடைந்த கண்ணாடி, பாதரசத்தோடு குவிந்து கிடந்தது. கிரீன்பீஸும் பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பினரும் அதை அம்பலப்படுத்த, ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. பணக்கார நாடுகளின் குப்பை நம் துறைமுகங்களில் வந்து இறங்குவதுதான் வழக்கம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னாள் தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டு 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள்.

வழக்கு ஒன்பது வருடம் இழுத்த பிறகுதான் பாட்டு வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. பாதரசத்தால் யார் உடல்நலமும் கெடவில்லை, மனிதாபிமான அடிப்படையிலேயே கொடுக்கிறோம் என்றது நிறுவனம். பாட்டுதான் இதைச் சாதித்தது என்றால், வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் சோப்பும் ஷாம்பும் விற்கிற கம்பெனிக்கு நல்ல பெயர்தான் முதலீடு. பாட்டு அதில் கை வைத்தது. யூனிலீவரின் அப்போதைய உலகத் தலைவர் பால் போல்மனே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

நஷ்டஈடு முடிந்தாலும் மண் அப்படியே இருந்தது. 2018ல் வந்த இரண்டாவது பாட்டான 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' அதைப் பற்றியது. சோபியாவுடன் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்து பாடினார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவில் ஆலை வளாகத்தைச் சுத்தம் செய்ய அனுமதி கிடைத்திருந்தது. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம்தான், இங்கே மட்டும் ஏன் இருபது மடங்கு என்று கேட்டார்கள் போராட்டக்காரர்கள். நிபுணர்கள் ஆய்வு செய்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற அளவு என்றது நிறுவனம். முதல் பாட்டுக்கு இருந்த ஓட்டம் இதற்கு இல்லை. மில்லிகிராம் கணக்கை மெட்டில் ஏற்றுவது லேசான வேலையா என்ன!