ஏணியின் கடைசிப் படியில் ஒரு நாய்

எங்கள் ராசிபுரம் பக்கத்துத் தோட்டங்களில் நாய்க்குப் பகல் ஒரு பிழைப்பு, ராத்திரி ஒரு பிழைப்பு. சாளை வாசலில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டி, சங்கிலி வளையத்தை அதில் கோத்துவிடுவார்கள். நாய் ஓட, வளையமும் கிறீச்சென்று கூடவே ஓடும். அடுத்த தென்னையோடு சரி. பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். காவல் அப்போதுதான் தொடங்கும். கட்டிப்போட்டவருக்கே கட்டாத நாய்தான் வேண்டியிருக்கிறது.

இந்த இழுபறியைப் படமாக்கியவர்கள் உண்டு. போர்த்துகலில் பிறந்த ஓவியர் பாவ்லா ரேகோ, 1986-87இல் சிறுமிகளையும் நாய்களையும் வைத்து ஒரு வரிசையே தீட்டினார். ஒன்றில் சிறுமி நாயின் மோவாயைத் தூக்கிப் பிடித்துக் கழுத்தில் சவரக்கத்தி வைக்கிறாள். பணிவிடையா, மிரட்டலா? பார்க்கிறவர் பாடு.

நம் பக்கத்தில் இதற்குக் கல் இருக்கிறது. சேலத்துக்கு வடகிழக்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்; 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. நடுகல்லுக்குக் கோயில் சிலை போல நாலு பக்கமும் வேலை கிடையாது. பலகைக் கல்லில் உருவத்தைச் சுற்றியுள்ள இடத்தைக் கொத்தித் தாழ்த்தினால் ஆள் மேடாக எழுந்து நிற்பான். மிச்ச இடத்தில் வட்டெழுத்து. செங்கம் பகுதிக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாகவே கொண்டுவந்தது.

எடுத்தனூர்க் கல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் ஓர் ஏணி தெரியும். உச்சியில் மகேந்திரவர்மப் பல்லவன், அவனது 34ஆம் ஆட்சியாண்டு. அவனுக்குக் கீழே வாணகோ அரைசர். அவர் மருமகன் பொற்றொக்கையார். பொற்றொக்கையாரிடம் சேவகம் பார்த்தவன் கருந்தேவக்கத்தி. எருமைகளுக்காகச் சண்டையிட்டுச் செத்தவன் இவன்தான். அந்த வட்டாரக் கற்களில் சண்டைக்குப் பெரும்பாலும் மாடுதான் காரணம், இவனுக்கு எருமை. இவனோடு நாயும் கல்லில் நிற்கிறது. அதற்கென்று தனியாக ஒரு வாசகம்: பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்தது.

மனிதர் ஒவ்வொருவரும் இன்னாருக்குக் கீழ் இன்னார் என்றே கல்லில் ஏறியிருக்கிறார்கள். நாயை மட்டும் இன்னாருடையது என்று எழுதவில்லை. அது செய்ததைத்தான் எழுதினார்கள். எனக்கு அந்தக் கல்லில் ரொம்பப் பிடித்த இடம் அது. கோவிவன் எதைக் காத்தது, எருமைகளையா, விழுந்து கிடந்தவனையா? கல் சொல்லவில்லை. எருமை எத்தனை என்றும் சொல்லவில்லை. நாயின் பெயரை மட்டும் விடவில்லை.