கூட்டமில்லாத காட்டுக்கு ஒரு பிளான்

மசாய் மாரா வீடியோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைத் தாண்டும், தண்ணிக்குள்ள முதலை காத்திருக்கும். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால்தான் மீதி தெரியும்: கரை முழுக்க ஜீப். மாரா சுமார் 1,500 சதுர கிலோமீட்டர்தான். சீசனில் உலகமே அங்கே வந்து நிற்குது.

நானும் ரூம்மேட்டும் ஆப்பிரிக்கா ட்ரிப்புக்கு ஒரு எக்செல் ஷீட் வெச்சிருக்கோம். (வேலை இன்னும் கிடைக்கலை, ஷீட் ரெடி.) முதலில் மாரா என்று இருந்ததை அழிச்சுட்டு இப்போ ஜாம்பியா என்று மாற்றியாச்சு. அங்கே காஃபூயே பூங்கா மட்டும் சுமார் 22,400 சதுர கிலோமீட்டர். தெற்கு லுவாங்வா 9,050. வண்டி ரொம்பக் கம்மி.

முதலில் மாதம் முடிவு பண்ணணும், டிக்கெட் அப்புறம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை இல்லை. குட்டைகள் வற்றும், புல் காய்ஞ்சு சாயும். தண்ணிக்காக யானை, எருமை, வரிக்குதிரை எல்லாம் லுவாங்வா ஆற்றுக்கே வந்தாகணும். பின்னாடியே சிங்கமும் சிறுத்தையும் வரும். நாம தேடி அலைய வேண்டாம். அக்டோபரில் விலங்குகள் நல்லாத் தெரியும், ஆனா வெயில் கொளுத்தும். ஜூலையில் விடியற்காலை ஜீப்பில் ஸ்வெட்டர் வேணும். எங்க ஓட்டு செப்டம்பருக்கு. நவம்பருக்கு மேல் மழை. கரிசல் மண் ரோட்டில் வண்டி புதையும், பல கேம்ப்களை மூடிடுவாங்க.

லுவாங்வாவின் ஸ்பெஷல் நடை சஃபாரி. துப்பாக்கியோட காவலர் முன்னால், பின்னால் கைடு, அப்புறம் வரிசையா நாம. இதை ஆரம்பிச்சு வெச்சவர் நார்மன் கார். 1950-இல் இவர் நிசேஃபு என்கிற பழங்குடித் தலைவரிடம் பேசி, அவங்க நிலத்தில் ஒரு கேம்ப் கட்டினார். வருமானம் அந்த மக்களுக்கே போனது. யானை செத்தால் இறைச்சி, உயிரோட இருந்தால் வருஷா வருஷம் காசு என்கிற கணக்கு அங்கேதான் புரிஞ்சுது. "கூட்டமில்லாத இடத்தை நாமளே எழுதிக் கெடுக்கலாமா?" என்று ரூம்மேட் கேட்டான். யாருமே போகலைன்னா காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது என் கேள்வி. இன்னும் சண்டை முடியலை.

இப்போ காசு. கூட்டம் இல்லைன்னா சீப் என்று நினைச்சுடாதீங்க, நேர்மாறு. கேம்ப் சின்னது, காய்கறியிலிருந்து டீசல் வரை தூரத்திலிருந்து வரணும். அந்தச் செலவைக் கொஞ்ச பேர்தான் பங்கு போடுறாங்க. அதனால் பூங்காவுக்குள் தங்காமல், கேட்டுக்கு வெளியே ம்ஃபூவே பக்கம் டென்ட் போடுற இடத்தில் தங்கி, தினமும் நுழைவுக் கட்டணமும் ஜீப் காசும் கட்டலாம். லுசாகாவிலிருந்து ஃப்ளைட் இருக்கு. பஸ்ஸில் சிப்பாட்டா வரை போய் வண்டி மாறினால் செலவு குறையும், ஒரு நாள் போகும்.

மலேரியா மாத்திரையை ஊரிலேயே ஆரம்பிக்கணும், டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்க. அப்புறம் ட்செட்சி ஈ. கடிச்சால் ஜீன்ஸையும் தாண்டி வலிக்குமாம். கருநீலமும் கருப்பும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதைப் பிடிக்கிற பொறியையே அந்த நிறத் துணியில்தான் செய்யறாங்க. எங்க டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் கருநீலம். ஷீட்டில் அதை அடிச்சாச்சு.