வீடு திரும்பும் வழி

"உம்மா, என் வீட்டைக் காணல்ல!"

மகன் அழுதான். 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராப்ட் கணினி விளையாட்டில், விடுமுறை முழுதும் அவன் கட்டிய வீடு அது. ஹந்தானையில் பனிமூட்டம் இறங்கினால் பழகிய பாதையும் மறைவதுபோல, அந்தக் காட்டிலும் திசை தவறிவிடும்.

சகோதரிகளே, பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். அங்கும் சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறது. திசைகாட்டியோ வடக்கைக் காட்டாது. ஆட்டம் தொடங்கிய இடத்தையே காட்டும். அதன் அருகில் வீடு கட்டுவது நல்லது. தூரத்தில் கட்டினால் இடங்காட்டும் எண்களைக் கொப்பியில் குறிக்க வேண்டும். குகைக்குள் போகும்போது தீப்பந்தங்களை வலப்புறமே வைத்தால், திரும்புகையில் அவை இடப்புறம் தெரியும்.

பஹிரவகந்தைச் சிலையைப் பார்த்து நாம் கண்டி நகரில் திசை பிடிப்பதுபோல, வீட்டருகே உயர்ந்த தூணொன்றும் உதவும்.

தொலைந்த வீடு கிடைக்கவில்லை. ஆனால் மகன் இப்போது கடைக்குப் போனாலும் திரும்பும் வழியைப் பார்த்துக்கொண்டே போகிறான்.