பெருந்தெருவா, தோட்டத்து ரோட்டா?

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் விறகு, காய்கறி, நோயாளி எல்லாமே குடாநாட்டில் சைக்கிளில்தான் போயின. மேடு பள்ளம் இல்லாத மண் அது. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலோ பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள். பெரியவர்கள் டவுனுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், அவசரம் என்றால் ஓட்டோவுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். மலையில் சைக்கிள் சரிவராது என்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத முடிவாகிவிட்டது. அந்த முடிவு அவசரமானது என்பது என் கருத்து. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் இரண்டு வகை ரோடு உண்டு: தார் போட்ட பெருந்தெரு ஒன்று, தேயிலை மலைகளைச் சுற்றிப்போகும் தோட்டத்து ரோடு மற்றது. சைக்கிளுக்கு ஏற்றது இரண்டாவதுதான். அதற்குத் தேவையான வண்டியும் வேறு.

முதலில் பெருந்தெருவைப் பார்ப்போம். தார் ரோட்டுக்கென்று செய்யப்படும் சைக்கிளின் டயர் விரல் தடிமன்தான், காற்று கல்லாக அடைத்திருக்கும். சமதரையில் அது பறக்கும். எல்ல ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெல்லவாய வரை முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் ரோடு 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை பிரேக் தாங்கவேண்டும். இதே ரோட்டில் 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். 2021 மார்ச்சில் பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் நடந்த பஸ் விபத்தையும் ஊவாவில் எவரும் மறக்கவில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒன்றையொன்று முந்தும் பஸ்கள். இந்த இடத்தில் சைக்கிளுக்கென்று ஒதுக்க ஓரமே இல்லை. பயிற்சி பெற்ற வீரர் விடியற்காலையில் இந்த ரோட்டில் ஏறி இறங்கலாம்; அது விளையாட்டு. தினமும் போய்வரும் பிள்ளைக்கு அதைச் சிபாரிசு செய்ய முடியாது.

தோட்டத்து ரோட்டின் கதை வேறு. ரயில் பதுளையைத் தொட்டது 1924இல்தான். அதற்கு முன்பு கோப்பியையும் பிறகு தேயிலையையும் ஸ்டோரிலிருந்து இறக்கியது மாட்டுவண்டி. மாடு செங்குத்தில் இழுக்காது. அதனால் வண்டிப்பாதைகள் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல ஏறின. கோச்சிக்கும் அதே நியாயம்தான்: மலைநாட்டு ரயில்பாதை எங்கும் 44 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டதால்தான் தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி, நிலையத்துக்குக் கீழேயே புகுந்து போகிறது. சாதாரண ஆரோக்கியமுள்ள ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய கால்பலம் சுமார் 100 வாட். நூற்றுக்கு மூன்று ஏறும் வண்டிப்பாதையில் அந்தப் பலத்துக்கு மணிக்குப் பத்து கிலோமீற்றர் கிடைக்கும், நடையைப்போல இருமடங்கு. நூற்றுக்குப் பத்து ஏறும் குறுக்குப்பாதையில் அதே பலம் நடை வேகத்தைக்கூடத் தாண்டாது. ஆக, மலை என்றாலே சைக்கிள் முடியாது என்ற பேச்சு குறுக்குக்குப் பொருந்தும், சுற்றுப்பாதைக்குப் பொருந்தாது.

ரோடு எங்கே நல்லதாக இருக்கிறது, கல்லும் குழியும்தானே என்று கேட்பார்கள். உண்மை. ஆனால் குழிக்கென்றே பிறந்த சைக்கிள் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் டமல்பைஸ் மலையின் மண் பாதைகளில் 1970களில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை இளைஞர்கள் ஓட்டி ஓட்டித் திருத்தியதில் வளர்ந்ததுதான் மவுண்டன் பைக். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவும் ஆனது. இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட டயர், குறைந்த காற்று, ஏற்றத்துக்கு இலகுவான கியர், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்: நான்குமே தோட்டத்து ரோட்டுக்காகச் செய்தவை போலிருக்கும். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. அது வேகமாகக் குதித்து இறங்குபவருக்கு; நம் வேலைக்குச் சுமை மட்டுமே.

விலைதான் கனமான ஆட்சேபம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி சொன்னது. அந்தச் சம்பளத்தில் கியர் வைத்த சைக்கிளைக் கைக்காசுக்கு வாங்க முடியாது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனாலும் ஒரு குடும்பம் ஓட்டோவுக்கு மாதாமாதம் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால், தவணைக் கடனுக்கோ பாடசாலை மூலம் தரும் உதவிக்கோ இதில் நியாயம் இருக்கிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாடு இதை எண்ணிப் பார்க்காமல் விட்டது பெரிய குறை. இன்னோர் ஆட்சேபம், இதெல்லாம் வெள்ளைக்காரச் சுற்றுலாவுக்கு என்பது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் பெக்கோ டிரெயில் 22 கட்டங்களில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போகிறது. அதில் பெரும்பகுதி பழைய தோட்டத்துப் பாதைகளே. 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை ஏறும் பாதையும் அப்படித்தான். லயத்துப் பிள்ளை நாளாந்தம் நடக்கும் பாதையை வெளிநாட்டார் விமானமேறி வந்து தேடுகிறார்கள். அவர்களுக்காகத் துலக்கப்படும் பாதை முதலில் லயத்துக்குப் பயன்படவேண்டும் என்று கேட்பது உரிமை.

மண் அரிப்பைப் பற்றிய அச்சத்தை நான் மதிக்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. ஊவாவின் சரிவு அதற்குப் பிறகும் உறுதிப்படவில்லை. அதனால்தான் தேயிலைச் செடிகளுக்கிடையே புதுத் தடம் வெட்டும் யோசனையை ஏற்கக்கூடாது. இருக்கும் வண்டிப்பாதை போதும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்தலாம்; கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் அந்தக் காலத்தில், பாதையும் காய்ந்து கெட்டியாக இருக்கும். குளவிக்கூடு இருக்கும் மலைகளை அங்கே கொழுந்து பறிப்பவர்கள் அறிவார்கள். பாதையைக் குறிப்பவர்கள் அவர்களைக் கேட்டே குறிக்கவேண்டும்.

தோட்டம் கம்பனியின் குத்தகை நிலம், பொதுப்பணத்தை அங்கே எப்படிச் செலவழிப்பது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அந்தப் பதிலுக்கு இடம் கொடுத்திருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்ய வழி திறந்தது. ஹல்துமுல்ல, ஹப்புத்தளை, எல்ல, பசறை, லுணுகலை சபை உறுப்பினர்களே, கார்ப்பெட் ரோடு கேட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் பாடசாலைக்குப் போகும் ஒரு வண்டிப்பாதையைத் தெரிந்தெடுங்கள்; அடைந்துபோன கான்களைத் துப்புரவாக்கி, குழிகளுக்குக் கல் போட்டு அடித்து, அடுத்த மழைக்கு முன் திறந்துவிடுங்கள்.