மறையும் கோடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கப்பலுக்குப் போகிற பையன்கள் உண்டு. அப்பா வள்ளத்தில் போயிருப்பார், மகன் எண்ணெய்க் கப்பலில் போவான். பயிற்சி முடித்து, மாலுமியின் பணிப்பதிவான சி.டி.சி. புத்தகம் வாங்கி, கம்பெனியின் அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒருநாள் மெடிக்கலுக்கு வரச்சொல்லி போன் வரும். கண், காது, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் ஆன பிறகு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கையில் கொடுப்பார்கள். சிறுநீர் பிடித்துத் தர வேண்டும். கிண்ணத்தின் பக்கவாட்டில் சூடு காட்டும் பட்டை ஒட்டியிருக்கும். 32 முதல் 38 டிகிரிக்குள் இருந்தால்தான் அது இப்போது உடம்பிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்வார்கள். பிறகு அதில் மெல்லிய சோதனைப் பட்டை ஒன்றை நனைப்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சிவப்புக் கோடு விழும், அல்லது விழாது.

கோடு விழுந்தால்தான் வேலை. முதல்முறை கேட்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கர்ப்பம் பார்க்கும் பட்டையில் இரண்டாவது கோடு வந்தால் 'உண்டு' என்று பொருள். இங்கே கோடு வந்தால் 'இல்லை' என்று பொருள். கஞ்சா சிறுநீரில் இருந்தால் கோடு காணாமல் போகும்.

ஏன் இப்படித் தலைகீழ்? அந்தப் பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துகளோடும் எதிர்ப்பொருள்கள் கட்டப்பட்டிருக்கும். கஞ்சாவின் எச்சத்தை மட்டும் பிடிக்கப் பழகிய கைகள் என்று அவற்றை வைத்துக்கொள்ளலாம். சிறுநீர் பட்டையில் ஏறும்போது இவையும் கூடவே ஏறும். வழியில் ஓரிடத்தில் அதே எச்சத்தை முன்கூட்டியே தடவி ஒட்டியிருப்பார்கள். சிறுநீரில் ஒன்றும் இல்லையென்றால் காலியாக வரும் கைகள் அங்கே ஒட்டியிருப்பதைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். தங்கத் துகள்கள் குவிந்து சிவப்பாகத் தெரியும். சிறுநீரிலேயே எச்சம் இருந்தால் கைகள் வழியிலேயே நிறைந்துவிடும், பிடிக்க இடமில்லாமல் அந்த இடத்தைக் கடந்து போய்விடும். கோடு விழாது. இவ்வளவு சிறிய மூலக்கூறை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்து பிடிக்க முடியாது என்பதால் கண்டுபிடித்த உபாயம் இது.

பொதுவாக வைத்திருக்கும் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரேயொரு பொடி உப்புத் துகள் கரைந்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு. அதைக் கண்ணால் பார்க்கும் கோடாக மாற்றுகிறது இந்தக் காகிதத் துண்டு. இந்த நுட்பத்தின் மேல் எனக்கு உண்மையான வியப்பு உண்டு. அது எதைப் பிடிக்கிறது என்பதுதான் இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் அதைப் பிரித்தெடுத்து அமைப்பைக் காட்டினார்கள். ஆய்வுக்கான ஹாஷிஷ் அவர்களுக்குக் காவல்துறையிடமிருந்து கிடைத்தது. புகையோடு உள்ளே போன டி.எச்.சி. சில நிமிடங்களில் மூளையை எட்டும். கல்லீரல் அதைப் பிடித்து ஒருமுறை மாற்றும். அப்போதும் போதை உண்டு. இன்னொரு முறை மாற்றினால் அது ஓர் அமிலமாகிவிடும். அந்த அமிலத்துக்கு மயக்கும் சக்தி கிடையாது. பட்டை தேடுவது இந்த அமிலத்தைத்தான். கோவில் கொடை முடிந்த திடலில் வெடித்தாள் கிடக்கும் அல்லவா? அதைப் பார்த்தால் இங்கே கொடை நடந்தது என்று சொல்லலாம். நேற்றா, போன வாரமா என்று தாள் சொல்லாது. இப்போது மேளம் அடிக்கிறதா என்றும் சொல்லாது.

சாராயம் இப்படி அல்ல. அது தண்ணீரில் கலக்கும். ரத்தத்தில் எவ்வளவோ மூச்சில் அதற்கு ஏற்றாற்போல வரும், சில மணி நேரத்தில் எரிந்து தீரும். கப்பல்காரர்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் 2010-ல் மணிலாவில் செய்த திருத்தம் ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் என்று எல்லை வகுத்ததும் இதனால்தான். ஊதிப் பார்த்தால் இந்த நிமிடத்து நிலை தெரியும். டி.எச்.சி.க்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும். மீன் பொரித்த சட்டியைத் தண்ணீர் விட்டு எத்தனை தடவை அலசினாலும் எண்ணெய் மணத்தை விடுவதில்லை. அதுபோல உடம்புக் கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்கு இரண்டு மூன்று நாளில் சோதனை சுத்தமாகிவிடலாம். தினமும் பழகியவருக்கு விட்ட பிறகும் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் கோடு மறைந்தே இருக்கும்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தொடர்ந்து கஞ்சா பயன்படுத்தும் 14 பேரை நின்ற இடத்தில் ஓடும் சைக்கிளில் 35 நிமிடம் மிதிக்க வைத்தார்கள். புதிதாக எதையும் புகைக்காமலே அவர்கள் ரத்தத்தில் டி.எச்.சி. சற்று ஏறியது. உடல் பருமன் கூடியவருக்கு ஏற்றமும் கூடியிருந்தது. கொழுப்பு எரிந்தபோது பழைய சரக்கு வெளியே வந்திருக்கிறது. நம் உடம்பு என்றோ நடந்ததை இப்படியும் சேமித்து வைக்கிறது.

இந்தச் சோதனை வேலையிடத்துக்கு வந்த கதையில் ஒரு ரயில் விபத்து இருக்கிறது. 1987 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில், சேஸ் என்ற இடத்தில், மூன்று சரக்கு எஞ்சின்கள் நிறுத்தச் சைகையைத் தாண்டி வந்து பயணிகள் ரயிலின் பாதையில் நின்றன. 16 பேர் இறந்தார்கள். எஞ்சின் ஓட்டியவர்கள் கஞ்சா புகைத்திருந்தது தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அதிபர் ரீகன் அரசு ஊழியர்களுக்குப் போதையில்லாப் பணியிடம் என்று ஆணை பிறப்பித்திருந்தார். 1991-ல் பாதுகாப்பு சார்ந்த பணியில் இருக்கும் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சோதனை சட்டமானது. அங்கிருந்து அது கப்பல் கம்பெனிகளின் வழக்கமாகி உலகம் சுற்றியது. அந்தப் பதினாறு பேரை நினைத்தால் சோதனையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு லட்சம் டன் கச்சா எண்ணெய் ஏற்றிய கப்பலின் காவல் நேரத்தில் இருப்பவன் தெளிவாக இருந்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் விமானத் துறை 2022 ஜனவரி 31 முதல் இதைக் கட்டாயமாக்கியது. விமானிகள், பணிக்குழுவினர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோரில் ஆண்டுக்குக் குறைந்தது 10 விழுக்காட்டினரை முன்னறிவிப்பில்லாமல் சோதிக்க வேண்டும். முதல்முறை சிக்கினால் வேலையிலிருந்து விலக்கி மீட்புச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். சிகிச்சைக்குப் பிறகு சோதனை சுத்தமானால் திரும்பி வரலாம். இந்த விதியில் எனக்குப் பிடித்தது அந்தத் திரும்பி வரும் வழி.

சட்டத்துக்கும் சிறுநீருக்கும் இடையில் நம் நாட்டிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த, காய்த்த நுனிகளை. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்காது. அதனால்தான் இலையை அரைத்த பாங்கு ராஜஸ்தானில் அனுமதி பெற்ற கடையில் விற்கிறது. ஹோலிக்கு ஊர் போன வடநாட்டு மாலுமி ஒரு தம்ளர் பாங்கு தண்டாய் குடித்தால் அந்தச் சட்டப்படி அவன் மேல் வழக்கில்லை. ஆனால் இலையிலும் டி.எச்.சி. உண்டு. அடுத்த நாள் மெடிக்கலில் கோடு மறையலாம். கல்லீரலுக்கு இலை, பூ என்ற பேதம் தெரியாது.

செடி நமக்குப் புதிதல்ல. கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்த வான் ரீட், மலையாளக் கரையின் செடிகளை ஹோர்துஸ் மலபாரிக்குஸ் என்ற பெருநூலாகத் தொகுத்தார். 1690-ல் வந்த அதன் பத்தாம் தொகுதியில் 'கஞ்சாவா' என்று முடியும் இரண்டு பெயர்களோடு இந்தச் செடியின் படங்கள் இருக்கின்றன. ஒன்று 'செறு கஞ்சாவா'. பின்னால் லின்னேயஸ் செடிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது இந்தப் படங்களையும் சான்றாகக் காட்டினார். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் மாவட்டத்துக்கு அந்தப் பெயர்கள் அந்நியமாகப் படாது. 1893-ல் ஆங்கில அரசு ஒரு குழு அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் கேட்டது. அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றது அந்தக் குழு.

அப்புறம் உலகம் இறுக்கியது, இப்போது பல இடங்களில் தளர்த்துகிறது. 2013-ல் உருகுவே, 2018-ல் கனடா, 2024 ஏப்ரலில் ஜெர்மனி. தாய்லாந்து 2022 ஜூனில் திறந்துவிட்டது, 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பாதிக் கதவை மூடிக்கொண்டது. அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1969-ல் கேட்டபோது சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் 12 விழுக்காடு, 2023-ல் 70. ஐ.நா.வில் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து எடுக்கும் தீர்மானம் 27-க்கு 25 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் இந்தியாவும் உண்டு. மறுபக்கம், 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை கஞ்சா வேட்டையைத் தொடங்கியது. அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு நம் மாவட்டத்துக்காரர்.

கப்பல்காரனுக்கு இது வெறும் செய்தியல்ல. அவன் போகும் பாதையில் துறைமுகத்துக்குத் துறைமுகம் சட்டம் மாறும். கனடாவின் வான்கூவரில் கடையில் விற்பார்கள். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. ஒரு கிலோவுக்குச் சற்று மேலான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாக 2023 ஏப்ரலில் அங்கே தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர். இந்தியச் சட்டத்தில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', ஓராண்டு வரை சிறை. ஐக்கிய அரபு நாட்டில் 2022 ஜனவரியில் வந்த புதிய சட்டம் முதல்முறை பயன்படுத்தியவருக்கான குறைந்தபட்சச் சிறையை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று மாதமாக இறக்கியது. இத்தனைக்கும் நடுவில் கப்பலுக்குள் கம்பெனி விதி ஒன்றுதான்: கோடு விழ வேண்டும். வான்கூவர் கடை பில்லைக் காட்டி அங்கே வாதாட முடியாது.

கலிஃபோர்னியா ஒரு நல்ல கேள்வியை எழுப்பியிருக்கிறது. 2024 ஜனவரி முதல் அங்கே, போதை தராத அந்த அமிலம் சிறுநீரில் இருப்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு வேலை மறுக்க முடியாது. கட்டடத் தொழில் போன்ற சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. வேலை நேரத்தில் போதையில் இருந்தானா என்பதே அங்கே கேள்வி. அமெரிக்க மத்தியப் போக்குவரத்துத் துறையும் 2023-ல் எச்சில் சோதனைக்கு விதி வகுத்தது. எச்சிலில் பிடிபடுவது அமிலமல்ல, டி.எச்.சி.யே. அது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளைக்குத்தான் தங்கும். அறிவியல் நகர வேண்டிய திசை இது என்று நினைக்கிறேன்.

கஞ்சா பாவமில்லாத பச்சிலை என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கில் 1995-ல் 4 விழுக்காடு இருந்த டி.எச்.சி. 2014-ல் 12 ஆகியிருந்தது. வீரியமானதை இளவயதில் தொடர்ந்து இழுப்பவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. பதினேழு வயதில் அதைத் தொடும் பையனைப் பற்றி எனக்குப் பயமே உண்டு. அதே பையன் ஒன்றையுமே தொடாமல் ஒரு காகிதத் துண்டால் வாழ்க்கையை இழக்கக் கூடாது என்பதும் என் கவலை.

ஏனென்றால் பட்டை தவறும். எதிர்ப்பொருளின் கைகள் சாயல் பார்த்துப் பிடிப்பவை. வயிற்று எரிச்சலுக்கு வெறும் வயிற்றில் போடச் சொல்வார்களே, பான்டோபிரசோல், அந்த மாத்திரைக்குக்கூடக் கஞ்சா சோதனை பொய்யாகக் காட்டலாம் என்ற எச்சரிக்கை அதன் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா வேறு சோதனையில் மாட்டும். அது ஓபியச் செடியின் விதை, மார்ஃபின் ஒட்டியிருக்கும். கசகசா தின்றவர்கள் சிக்குகிறார்கள் என்பதால்தான் அமெரிக்கா 1998-ல் ஓபியச் சோதனையின் எல்லையை 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தியது. வளைகுடாவுக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலைப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் விமான நிலையத்திலேயே வம்பு, ஐக்கிய அரபு நாட்டில் அதற்குத் தடை.

ஆகவே பட்டை சொல்வது முதல் பேச்சு மட்டும். ஒழுங்காக நடக்கும் இடத்தில் சிறுநீரைக் கொடுத்தவர் கண்ணெதிரே இரண்டு குப்பிகளில் பிரித்து, முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். கோடு மறைந்தால் முதல் குப்பி பெரிய ஆய்வகத்துக்குப் போகும். அங்கே ஒரு கருவி சிறுநீரின் பொருள்களை ஆவியாக்கி, ஒன்றொன்றாகப் பிரித்து, உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்க்கும். சாயல் அங்கே செல்லாது. 15 நானோகிராம் அமிலம் உண்டா இல்லையா என்று அது தெளிவாகச் சொல்லும். அதிலும் சந்தேகம் வந்தால் உறைய வைத்த இரண்டாவது குப்பி இருக்கிறது.

மெடிக்கலுக்குக் கிளம்பும் பையன், போன வாரம் விழுங்கிய மாத்திரைகளின் சீட்டைப் பையில் எடுத்துக்கொள்ளட்டும். கோடு விழாமல் போய், அவன் நெஞ்சறிய ஒன்றும் செய்யவில்லை என்றால், தலை குனிந்து வெளியே வர வேண்டாம். "சார், ரெண்டாவது குப்பி எங்க?" என்று அங்கேயே நின்று கேட்கட்டும்.