கோட்டுக்கு வெளியே – 9: பாதிச் சீசனில் போனவர்

இங்கிலாந்தின் வடக்கே பேர்ண்லி என்றொரு பழைய பஞ்சாலை நகரம் இருக்கிறது. சனத்தொகை எழுபதாயிரத்துச் சொச்சம். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 92 ஆயிரம் பேர் என்றால், அந்த நகரத்தின் அளவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் உதைபந்தாட்டக் கழகம் 33 வருடங்கள் கீழ்ப் பிரிவுகளில் கிடந்து, 2009 மே மாதத்தில் முதற்பிரிவுக்கு மீண்டும் ஏறியது. ஏற்றிவைத்தவர் ஓவன் கோய்ல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். அந்த ஓகஸ்டிலேயே மன்செஸ்டர் யுனைடெட்டைத் தங்கள் சொந்த மைதானத்தில் 1–0 என்று மடக்கினார்கள். இதற்கிடையில் செல்டிக் கழகம் கோய்லைக் கேட்டது. ஸ்கொட்லாந்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அதைவிடப் பெரிய அழைப்பு அரிது. அவர் போகவில்லை. பேர்ண்லியுடனேயே புதிய ஒப்பந்தம் போட்டார். ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது.

ஏழு மாதம்தான். 2010 ஜனவரியில், சீசன் பாதியைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது, கோய்ல் பக்கத்து நகரமான போல்டனுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரராக அவர் பந்துதைத்த பழைய கழகம் அது. உதவிப் பயிற்றுநர்களும் அவரோடு கிளம்பினார்கள்.

பேர்ண்லிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் யூதாஸ்.

அந்தக் கோபத்தை வெறும் ரசிகர் வெறி என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. காரணம் புள்ளி அட்டவணையில் இருக்கிறது. அவர் போகும்போது பேர்ண்லி 20 ஆட்டங்களில் 20 புள்ளிகளுடன் 14ஆம் இடத்தில் நின்றது. போல்டன் அதற்கும் கீழே, இறக்கப்படும் மூன்று அணிகளுக்குள் கிடந்தது. மிஞ்சிய 18 ஆட்டங்களில் பேர்ண்லி எடுத்தது வெறும் 10 புள்ளிகள். 18ஆம் இடத்தோடு கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. போல்டன் தப்பியது. மேலே ஏற 33 வருடம் காத்திருந்த ஊர், ஒரே சீசனில் கீழே வந்தது.

கோய்லின் பக்கமும் கேட்க வேண்டும். பயிற்றுநருக்கு நிரந்தர நியமனம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் கழகம் அவரை அனுப்பிவிடும். அப்போது விசுவாசம் என்ற பேச்சை எந்த நிர்வாகமும் எடுப்பதில்லை. கோய்லுக்கும் அதுதான் நடந்தது. 2012இல் போல்டன் கீழ்ப்பிரிவுக்கு இறங்க, அதே ஒக்டோபரில் அவரை நீக்கினார்கள். தன்னை எந்த நேரமும் கைவிடக்கூடிய கழகத்தை ஒரு மனிதன் ஏன் கைவிடக் கூடாது? நியாயமான கேள்வி. இதற்கு முழுப் பதில் சொல்லிவிட்டதாக நினைக்கும் எவரையும் நான் நம்புவதில்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். மல்லாவியில் சம்பளம் வாங்கும் பயிற்றுநர் கிடையாது. இங்கே கோச் என்றால் பெரும்பாலும் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ நியமனம் பெற்று வருவார். வெள்ளி பின்னேரம் மாங்குளம் சந்திக்குப் போய் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார், திங்கள் விடியத் திரும்புவார். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றத்துக்கு எழுதிப்போடுவார். அவருக்கும் வயதுபோன தாய் தகப்பன் இருக்கிறார்கள், படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய பாடசாலை, நல்ல புல்தரை, தேசிய மட்டத்துக்குப் போகிற அணி என்று ஆசைப்படுவதில் என்ன பிழை?

போகிறவரைக் குறைசொல்ல இந்த ஊருக்கு இலேசில் வாய் வராது. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அந்தச் சனத்தைத் தாங்கிய ஊர் மல்லாவி. அலுவலகங்களும் கடைகளும் மரங்களுக்குக் கீழே வகுப்புகளுமாக ஊர் திடீரென்று நகரமானது. 2008இல் மல்லாவியே மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே போனது. யார் எதற்காகப் போகிறார்கள் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனாலும் போகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு பாடசாலையில் பதினெட்டு வயதுப் பிரிவு அணி வலய மட்டத்தில் வென்று, மாகாணப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆசிரியருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. மைதானத்து வேம்புக்குக் கீழே பெடியள் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நேரே கேட்டான்: “சேர், போட்டி முடிஞ்சாப் பிறகு போகேலாதா?” அவர், “கடிதத்தில திகதி போட்டிருக்கு தம்பி” என்றார். பொய் இல்லை. திகதி போட்டுத்தான் இருந்தது.

போகிற ஆசிரியர் பொருட்பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். பந்து எத்தனை, வலை எத்தனை, ஊதும் பம்பு இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் கையெழுத்து. அது ஒழுங்காக நடந்தது. அவரிடம் இன்னொரு கொப்பியும் இருந்தது. எண்பது பக்கச் சாதாரணக் கொப்பி. யார் இடதுகாலன், யாருக்குச் சப்பாத்து இல்லை, யாருடைய முழங்கால் மழைக்குளிரில் வீங்கும், அறுவடைக் காலத்தில் எவன் தகப்பனோடு வவுனிக்குளத்துப் பக்கம் வயலில் நிற்பான், எவனைக் கத்திப் பேசினால் அடுத்த நாள் வரமாட்டான் என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். பதிவேட்டில் ஏறாத பொருள் என்பதால் அதை யாரும் கேட்கவில்லை. அவரோடு பையில் போய்விட்டது. புதிதாக வந்தவர் நல்ல மனிதர்தான், உழைப்பாளிதான். ஆனால் அந்தக் கொப்பியில் இருந்ததை அவர் தானாகக் கண்டுபிடிக்குமுன் மாகாணப் போட்டி முடிந்துவிட்டது.

ரசிகர்கள் விசுவாசம் என்று சொல்வதை நான் இந்தக் கொப்பியில்தான் பார்க்கிறேன். எத்தனை வருடம் இருந்தார் என்ற கணக்கு எனக்கு இரண்டாம் பட்சம். எதைப் பாதியில் விட்டார், எதை யார் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்பதே முதல் கேள்வி.

அதே ஓவன் கோய்லையே எடுங்கள். 2019 டிசம்பரில் அவர் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். முன்னைய பயிற்றுநர் ஜோன் கிரகரி விலகி, அணி அட்டவணையின் அடிப்பகுதியில் கிடந்த நேரம். மூன்று மாதத்தில் அந்த அணி அரையிறுதிக்கு ஏறி, கோவாவை மொத்தக் கணக்கில் 6–5 என்று தாண்டி, 2020 மார்ச் 14 இறுதியாட்டத்தில் நின்றது. கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றது. அதன் பிறகு கோய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார். 15 கோல் அடித்த வல்ஸ்கிஸும் அவர் பின்னால் போனார். சென்னைக்கு வலித்தது; அடுத்த சீசனில் எட்டாம் இடம். ஆனால் யூதாஸ் என்று எவரும் கத்தவில்லை. அவர் சீசனை முடித்துக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜம்ஷெட்பூரை 2021–22இல் லீக் கேடயம் வெல்ல வைத்து, 2023இல் சென்னைக்குத் திரும்பி வந்தபோது ரசிகர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். ஆள் ஒருவர்தான். பேர்ண்லியில் ஒரு பெயர், சென்னையில் வேறு பெயர்.

கோவாக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2021 ஒக்டோபரில் அவர்களுக்கு டூரண்ட் கிண்ணம் வென்று கொடுத்த ஹுவான் ஃபெராண்டோ, அந்த டிசம்பரிலேயே சீசன் நடுவில் ஏ.டி.கே. மோகன் பகானுக்குப் போனார். ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை என்று ஒன்று எழுதியிருந்தது. அதை மோகன் பகான் கட்டியதும் கோவாவால் மறிக்க முடியவில்லை. சட்டப்படி சுத்தம். அங்கே போய் 2022–23 சம்பியன் பட்டமும் வென்றார். 2024 ஜனவரியில் மோகன் பகான் அவரை நீக்கி, முன்னர் எவருடைய இடத்துக்கு அவரைக் கொண்டுவந்ததோ அந்த ஹபாஸையே திரும்ப அழைத்தது.

இதிலிருந்து கழகங்கள் படிக்க வேண்டிய பாடத்தை இங்கிலாந்தின் பிரைட்டன் கழகம் படித்திருந்தது. 2022 செப்டெம்பரில், அணி நாலாம் இடத்தில் நிற்கும்போது, கிரஹம் பொட்டரை செல்சி தூக்கிக்கொண்டு போனது. பிரைட்டன் கலங்கவில்லை. யார் போனால் யாரைக் கொண்டுவருவது என்று முன்னமே பார்த்துவைத்திருந்த கழகம் அது. டி செர்பி வந்தார். அந்த சீசனில் ஆறாம் இடம், வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டி. பொட்டரை செல்சி ஏழு மாதம்கூட வைத்திருக்கவில்லை.

பேர்ண்லியிடம் அப்படியொரு ஆயத்தம் இருக்கவில்லை. எங்கள் பாடசாலைகளிடமும் இல்லை.

ஆகவே துணுக்காய் வலயத்திலும் மாகாணத்திலும் இடமாற்றம் பார்க்கும் அதிகாரிகளிடம் சில விஷயங்களை வெளிப்படையாகக் கேட்கிறேன். அணியொன்று மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தால், அந்த ஆசிரியரின் விடுவிப்பைப் போட்டி முடியும் வரை தள்ளிவையுங்கள். சில வாரங்கள்தான். புதியவரும் பழையவரும் ஒரு கிழமையாவது ஒரே மைதானத்தில் நிற்க வழி செய்யுங்கள். பொருட்பதிவேட்டோடு சேர்த்து பிள்ளைகளைப் பற்றிய குறிப்பையும் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பழைய மாணவர் ஒருவரை உதவிப் பயிற்றுநராக அணியோடு வைத்திருங்கள். ஊரில் பிறந்தவனுக்கு இடமாற்றக் கடிதம் வராது. இதில் எதற்கும் பெரிய காசு தேவையில்லை.

இன்னொரு ஆசிரியரைப் பற்றி அடுத்த வாரம். ஹைதராபாத் பாடசாலைகளில் படிப்பித்தவர், 1950 முதல் சாகும்வரை அந்நகரப் பொலிஸ் அணியை விடாதவர், புற்றுநோயோடு 1962இல் ஜகார்த்தாவுக்குப் போய் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக்கொடுத்தவர்: சையத் அப்துல் ரஹீம். அவரால் ஒரே இடத்தில் நிற்க முடிந்தது எப்படி என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)